சில்லின் முதுகில் விழும் ஒளி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்கெய் ஸ்கோரோபொகாடோவும் ராஸ் ஆண்டர்சனும் 2002-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய முக்கியக் கருவி, முப்பது டாலருக்கு வாங்கிய பழைய கேமரா ஃப்ளாஷ் விளக்கு. மேலுறை நீக்கிய சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். அலுமினியத் தாளில் துளையிட்டு, நினைவகத்தின் ஒரே ஒரு செல்லின் மீது மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தார்கள். ஃப்ளாஷ் மின்னியதும் அந்தச் செல்லில் இருந்த 0, 1 ஆனது. ஒளி விழும் இடத்தைச் சற்றே நகர்த்தினால் 1, 0 ஆனது. கடைகளில் கிடைக்கும் லேசர் சுட்டியாலும் இதைச் செய்ய முடிந்தது. விரும்பிய பிட்டை விரும்பியபடி புரட்டுவது கணிதத் தாள்களில்தான் சாத்தியம் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள்.

இன்று அந்தச் சோதனையைத் திரும்பப் படிக்க வேண்டிய தேவை வந்திருக்கிறது. கணக்கிடும் வேலையையே ஒளியிடம் ஒப்படைக்கும் சில்லுகள் ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வரத் தொடங்கிவிட்டன. ஒளியில் மின்கசிவு கிடையாது, ஆகவே ஒளிக்கணினி இயல்பிலேயே பாதுகாப்பானது என்ற பேச்சும் அவற்றோடு சேர்ந்து வருகிறது. வன்பொருள் பாதுகாப்பு ஆய்வின் முப்பது ஆண்டு வரலாறு அந்தப் பேச்சுக்கு எதிர்த்திசையில் கைகாட்டுகிறது. இந்தத் துறைக்குள் ஒளி முதலில் நுழைந்தது தாக்குபவரின் கருவியாகத்தான். சிலிக்கானின் எந்தப் பண்பு தாக்குபவருக்குக் கதவைத் திறந்ததோ, அதே பண்பின் மேல்தான் சில்லுக்குள் ஒளியை ஓடவிடும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

யாரை நம்புவது

மென்பொருளில் ஓட்டை இருந்தால் திருத்தம் அனுப்பி அடைக்கலாம். சில்லில் இருந்தால் அது அந்தச் சில்லு வாழும் காலம் முழுவதும் அங்கேயே இருக்கும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரு குறைகள் வெளியானபோது உலகம் இதை நேரடியாக உணர்ந்தது. செயலி வேகமாக ஓடுவதற்காகச் செய்த ஊகக் கணிப்பே ரகசியத்தைக் கசியவிட்டது. மென்பொருள் திருத்தங்கள் வந்தன. ஆனால் வேகத்தில் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சில்லை ஒரே கை செய்வதில்லை. வடிவமைப்பு ஒரு நாட்டில், அதில் சேர்க்கும் ஆயத்தத் தொகுதிகள் வேறு நிறுவனங்களிடமிருந்து, வடிவமைப்பு மென்பொருள் இன்னொருவரிடமிருந்து, தயாரிப்பு தைவானிலோ கொரியாவிலோ, உறையிடுதல் மலேசியாவிலோ வியட்நாமிலோ நடக்கிறது. சென்னை ஐஐடியில் வி. காமகோடி குழு உருவாக்கிய சக்தி செயலியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018-இல் அதன் ஒரு வடிவம் அமெரிக்காவின் ஓரிகானில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. இன்னொரு வடிவம் நம் நாட்டிலேயே, சண்டிகரை அடுத்த செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் தயாரானது. அந்த இரு எண்களுக்கும் நடுவே பல தலைமுறைத் தொழில்நுட்பம் கிடக்கிறது. நம் கண்முன்னே தயாரிக்க வேண்டுமென்றால் பழைய தொழில்நுட்பம். புதிய தொழில்நுட்பம் வேண்டுமென்றால் நம் கண்ணுக்கு எட்டாத ஆலை. உலகில் மிகச் சில நாடுகளைத் தவிர எல்லோருக்கும் இதே நிலைதான். அமெரிக்காவுக்கும் இந்தக் கவலை வந்தது. அந்நாட்டுப் பாதுகாப்பு அறிவியல் வாரியம் 2005 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, ராணுவச் சில்லுகளின் தயாரிப்பு வெளிநாடுகளுக்கு நகர்வதைப் பற்றி எச்சரித்தது. பிறகு ராணுவ ஆய்வு முகமையான டார்பாவின் நிதியோடு சில்லு நம்பகத்தன்மை ஆய்வு தனித் துறையாகவே வளர்ந்தது.

கசிவு

துறையின் முதல் பெரிய கண்டுபிடிப்புக்கும் ஆலைகளுக்கும் தொடர்பில்லை. 1996-இல் பால் கோச்சர் என்ற இளைஞர் ஒரு குறியாக்கக் கணக்கு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் அளந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். 1999-இல் அவரும் ஜோஷுவா ஜாஃபும் பெஞ்சமின் ஜுன்னும் அடுத்த படிக்குப் போனார்கள். சில்லு இழுக்கும் மின்சாரம் அது கையாளும் தரவுக்கேற்ப நூலிழை அளவு மாறுகிறது. ஒரு முறை அளந்தால் அந்த மாற்றம் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆயிரக்கணக்கான முறை அளந்து, ஊகித்த சாவிக்கேற்ப இரு கூறாகப் பிரித்துச் சராசரி எடுத்தால், சரியான ஊகத்துக்கு மட்டும் வேறுபாடு மேலே எழும். கணிதத்தில் உடையாத குறியாக்கத்தை அம்மீட்டர் உடைத்துவிட்டது.

இதே காலத்தில் டேன் போனே, ரிச்சர்ட் டெமில்லோ, ரிச்சர்ட் லிப்டன் மூவரும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். சில்லைக் கவனித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, தடுமாற வைத்தாலே போதும். ஆர்எஸ்ஏ குறியாக்கத்தில் மின்கையொப்பத்தை வேகமாகப் போடும் வழக்கமான முறையில், கணக்கின் ஒரு பாதியில் மட்டும் பிழை நேர்ந்தால், பிழையான அந்த ஒரு கையொப்பத்திலிருந்தே சாவியின் பகா எண் காரணியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். கேம்பிரிட்ஜ் ஃப்ளாஷ் விளக்கு இந்தக் கோட்பாட்டைக் கைக்கு எட்டும் பொருளாக்கியது.

கசிவுக்கு மாற்று, மறைப்பு முறை. ரகசியத்தை ஒரே இடத்தில் வைக்காமல், சமவாய்ப்பு எண்களோடு கலந்து பல பங்குகளாகப் பிரித்து வைப்பார்கள். எல்லாப் பங்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரகசியம் தெரியும். 2003-இல் இஷாய், சஹாய், வாக்னர் மூவரும் இதற்குக் கறாரான கணித வடிவம் கொடுத்தார்கள். தாக்குபவர் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கம்பிகளைத்தான் தொட்டுப் பார்க்க முடியும் என்று வைத்துக்கொண்டால், பங்குகளை அதற்குமேல் வைத்தால் போதும், பாதுகாப்பை நிரூபிக்கலாம். நேர்த்தியான முடிவு. இன்று பாதுகாப்புச் சில்லுகளின் வடிவமைப்பில் இந்தச் சிந்தனை ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த முன்அனுமானத்தில்தான் ஒளி கைவைத்தது.

பின்பக்கம்

சில்லின் முன்பக்கத்தில் பல அடுக்கு உலோகக் கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. பாதுகாப்புச் சில்லுகளில் அவற்றின் மேல் காவல் வலையும் போட்டிருப்பார்கள். ஊசியால் துளைத்தால் வலை அறுந்து சில்லு தன் ரகசியத்தை அழித்துக்கொள்ளும். பின்பக்கத்தில் வெறும் சிலிக்கான்தான். அந்தப் பக்கத்தைக் காக்க வேண்டும் என்று நீண்டகாலம் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கண்ணுக்குச் சிலிக்கான் ஒரு சாம்பல் நிறச் சுவர். ஆனால் ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளிக்கு அது ஊடுருவக்கூடிய பொருள். இணைப்புகளைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பொருத்தும் இன்றைய உறைமுறையில் அந்தப் பின்பக்கமே மேலே பார்த்து நிற்கிறது.

வேலை செய்துகொண்டிருக்கும் டிரான்சிஸ்டர், நிலை மாறும் ஒவ்வொரு முறையும், மிகச் சிறிய வாய்ப்பில் ஓர் ஒளித்துகளை வெளியிடுகிறது. பழுதான சில்லுகளைப் பரிசோதிக்கும் பொறியாளர்கள் இதை எப்போதோ அறிந்து பயன்படுத்திவந்தார்கள். 2012-இல் பெர்லின் ஆய்வாளர்கள் அதைத் தாக்குதலாக்கினார்கள். ஏஇஎஸ் குறியாக்கம் ஓடும்போது நினைவகத்தின் எந்த வரிசை ஒளிர்கிறது என்று பார்த்து, சாவியைப் படித்தார்கள். 2017-இல் அதே பெர்லினின் டாஜிக், லோர்க்கே, சைஃபர்ட், பாய்ட் குழு 28 நானோமீட்டர் எஃப்பிஜிஏ (தயாரித்த பின் நிரல்படுத்தும்) சில்லு ஒன்றின் பின்பக்கத்தில் லேசர் ஒளியைச் செலுத்தியது. திரும்பி வரும் ஒளி, டிரான்சிஸ்டரின் மின்னழுத்தத்துக்கேற்ப மிகமிகச் சிறிதாக மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டு, சில்லு தனக்குள் குறிநீக்கிய வடிவமைப்புத் தரவை அப்படியே வெளியே எடுத்தார்கள். சில்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. முழு வேலைக்கும் பத்து வேலை நாள்களுக்கும் குறைவாகவே ஆனது.

2021-இல் அதே வட்டத்தைச் சேர்ந்த கிராக்கென்ஃபெல்ஸ் குழு செய்ததை நான் இந்தத் துறையின் திருப்புமுனையாகவே கருதுகிறேன். சில்லின் கடிகாரத்தை ஒரு கணத்தில் நிறுத்திவிட்டு, மின்வழங்கலை லேசாக அசைத்தபடி, லேசரால் முழுப் பரப்பையும் வருடினார்கள். அந்தக் கணத்தில் ஒவ்வொரு பதிவகத்திலும் 0 இருந்ததா 1 இருந்ததா என்பது ஒரே படமாக வந்தது. சில கம்பிகளைத்தான் தொட முடியும் என்ற முன்அனுமானம் அங்கே பொய்த்தது. ரகசியத்தை எத்தனை பங்குகளாகப் பிரித்தாலும் படத்தில் எல்லாப் பங்குகளும் சேர்ந்தே விழுகின்றன. மறைப்பு முறையின் கணிதத்தில் குறையில்லை. அது இயற்கையைப் பற்றிச் செய்த ஊகத்தில்தான் குறை.

ஆலைக்குள் நுழையும் எதிரி

ட்ரோஜன் எனப்படும் தீங்குச் சுற்று பற்றிய ஆய்வில் நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறிமாறி வந்திருக்கின்றன. 2007-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் தட்சி அகர்வால், பங்கஜ் ரோகத்கி முதலியோர், நல்லதென்று உறுதியான சில சில்லுகளின் மின்நுகர்வு வடிவத்தைக் கைரேகையாகப் பதிந்து, மற்றவற்றை அதோடு ஒப்பிடும் முறையை முன்வைத்தார்கள். கோச்சரின் தாக்குதலையே காவலாகத் திருப்பிய அழகான யோசனை அது. 2013-இல் பெக்கர் குழு, ஒரு டிரான்சிஸ்டரைக்கூடக் கூட்டாமல், சிலிக்கானில் வேற்றணுக்களைக் கலக்கும் மாசூட்டலை மட்டும் சில இடங்களில் மாற்றி, சமவாய்ப்பு எண் உருவாக்கியின் வலிமையைக் குறைக்க முடியும் என்று காட்டியது. சில்லின் சுயபரிசோதனையில் அது தேறிவிடும். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலும் வேறுபாடு தெரியாது. அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள், மின்னணு நுண்ணோக்கியில் அந்த மாற்றம் தெரியும் என்று பதில் சொன்னார்கள்.

2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ2 இன்னும் நுட்பமானது. அருகே ஓடும் ஒரு கம்பியிலிருந்து மின்தேக்கி ஒன்று துளித்துளியாக மின்னூட்டம் சேர்க்கிறது. அந்தக் கம்பி வழக்கமாக அரிதாகத்தான் நிலை மாறும். தாக்குபவரின் நிரல் அதை இடைவிடாமல் மாறவைக்கும்போது மின்தேக்கி நிரம்பி, செயலியின் அதிகார பிட்டைப் புரட்டிவிடுகிறது. நிறுத்தினால் மின்னூட்டம் வடிந்து தடயமே இல்லாமல் போகிறது. அவர்கள் 65 நானோமீட்டரில் இதை உண்மையாகவே தயாரித்துக் காட்டினார்கள். 0, 1 மட்டுமே பார்க்கும் எந்தச் சரிபார்ப்பு மென்பொருளுக்கும் இது புலப்படாது, ஏனென்றால் இதன் உயிர் இடைப்பட்ட மின்னழுத்தத்தில் இருக்கிறது. இந்த வரியை ஒளிக்கணினிப் பகுதிக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

உண்மையான சந்தைச் சில்லில் வேண்டுமென்றே ட்ரோஜன் வைக்கப்பட்டதா? 2018-இல் சர்வர் பலகைகளில் உளவுச் சில்லு வைக்கப்பட்டதாகப் பெரும் செய்தி வந்தது. தொடர்புடைய நிறுவனங்கள் எல்லாமே மறுத்தன. பொதுவெளியில் சான்று எதுவும் வரவில்லை. சான்றில்லாத அச்சத்தின் மேல் ஒரு துறை நிற்கிறதே என்று சிலர் கேட்பதில் நியாயம் உண்டு. 2023-இல் ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். அவர்கள் 90, 65, 40, 28 நானோமீட்டர் சில்லுகளின் வடிவமைப்புக் கோப்புகளில் வேண்டுமென்றே சிறு வேறுபாடுகளைப் புகுத்தி, உண்மையான சில்லுகளை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். 40 மாற்றங்களில் 37 பிடிபட்டன. தப்பிய மூன்றும் 28 நானோமீட்டர் சில்லில் இருந்தவை. சில்லுகள் சிறுத்துக்கொண்டே போக, பார்வை எங்கே மங்கத் தொடங்குகிறது என்பதற்குக் கிடைத்த நேர்மையான அளவீடு இது. தங்கள் முறை எங்கே தோற்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் இந்தத் துறைக்கு இன்னும் நிறைய வேண்டும்.

வடிவமைப்பைப் பூட்டி அனுப்பும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008-இல் ராய், கூஷன்ஃபர், மார்க்கோவ் மூவரும், சரியான சாவி ஊட்டினால்தான் வேலை செய்யும்படி சுற்றுக்குள் கூடுதல் வாயில்களைச் சேர்த்து ஆலைக்கு அனுப்பலாம் என்றார்கள். 2015-இல் பிரமோத் சுப்ரமணியன், சயக் ரே, ஷரத் மாலிக் மூவரும் தர்க்கச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலைக் கொண்டு அதுவரை வந்த பூட்டுகளில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிட்டார்கள். அதன்பின் புதுப் பூட்டு, புதுத் திறப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒளியில் பிறந்த கைரேகை

காவலுக்காக ஒளி முதலில் வந்த இடம், நகலெடுக்க முடியாத இயற்பியல் அடையாளம். ஃப்ளாஷ் விளக்குச் சோதனை வந்த அதே 2002-இல் எம்ஐடியின் ரவிகாந்த் பப்புவும் சகாக்களும் சயின்ஸ் இதழில் வெளியிட்டது அது. எபாக்சிப் பிசினுக்குள் சிறு கண்ணாடிக் குண்டுகள் கண்டபடி சிதறிக் கிடக்கும் ஒரு சின்ன வில்லை. லேசர் கற்றை அதனுள் பலமுறை சிதறி, மறுபக்கம் புள்ளிகள் நிறைந்த கோலமாக விழும். கோணத்தைச் சற்று மாற்றினால் கோலம் அடியோடு மாறும். அந்தக் கோலத்திலிருந்து 2400 பிட் நீளமுள்ள அடையாளத்தை எடுத்தார்கள். வில்லையைச் செய்தவராலேயே அதைப் போல இன்னொன்றைச் செய்ய முடியாது.

இதைச் சிலிக்கானுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சென்னை ஐஐடியில் இளநிலைப் பட்டம் பெற்று எம்ஐடிக்குச் சென்ற ஸ்ரீனிவாஸ் தேவதாஸ். ஒரே வரைபடத்தில் வார்த்த இரு சில்லுகளிலும் கம்பித் தாமதங்கள் அணுவளவில் வேறுபடும். அந்தத் தற்செயலையே கைரேகையாக்கினார்கள். பின்னர் மின்சாரம் வந்ததும் நினைவகச் செல்கள் எந்த நிலையில் விழிக்கின்றன என்பதையும் அடையாளமாக்கினார்கள். இது இன்று விற்பனைப் பொருள்களில் இருக்கிறது.

உடைப்பும் வந்தது. 2010-இல் ரூர்மைர் குழு, தாமதத்தை அடிப்படையாகக் கொண்ட வகைகளின் கேள்வி-பதில்களைச் சேகரித்து, இயந்திரக் கற்றலால் அவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டது. காரணம் எளியது. மொத்தத் தாமதம் என்பது சிறு தாமதங்களின் கூட்டல். கூட்டல் நேரியல் கணக்கு. நேரியல் கணக்கைப் போதிய எடுத்துக்காட்டுகள் இருந்தால் கற்றுவிடலாம். 2013-இல் ஹெல்ஃப்மையர் குழு நினைவகக் கைரேகையைப் பின்பக்க ஒளி உமிழ்வால் படித்து, அயனிக் கற்றையால் இன்னொரு சில்லைத் திருத்தி, அதே கைரேகையை அதில் உருவாக்கியது. நகலெடுக்க முடியாது என்று பெயரிலேயே சொன்ன பொருள் நகலானது.

ஒளிக்கணினி

கண்ணாடி வில்லைகளால் கணக்கிடுவது புதிதல்ல. 1950-களின் இறுதியிலிருந்தே மிச்சிகனில் ரேடார் தரவைப் படமாக்க வில்லைகளையே பயன்படுத்தினார்கள். 1990 ஜனவரியில் பெல் ஆய்வகத்தில் ஆலன் ஹுவாங் குழு ஓர் ஒளிச் செயலியைக் காட்டியபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்து பின் அடங்கியது. இன்றைய அலை செயற்கை நுண்ணறிவால் வந்தது. நரம்பு வலையமைப்புகளின் வேலையில் பெரும்பகுதி அணிப்பெருக்கல். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் அலைக் கட்டத்தைத் தள்ளி, மீண்டும் சேர்க்கும் குறுக்கீட்டுமானிகளை வலைபோல் அடுக்கினால், ஒளி அதைக் கடக்கும் நேரத்திலேயே பெருக்கல் முடிந்துவிடும். 2017-இல் எம்ஐடி குழு 56 குறுக்கீட்டுமானிகள் கொண்ட சில்லில் உயிரெழுத்து ஒலிகளை இனங்கண்டது. சரியான விடைகள் 76.7 விழுக்காடு, அதே வலையமைப்பு சாதாரணக் கணினியில் 91.7 விழுக்காடு. 2025 ஏப்ரலில் லைட்மேட்டர், லைட்டெலிஜென்ஸ் என்ற இரு நிறுவனங்கள் நேச்சர் இதழில் மிகப் பெரிய சில்லுகளை விவரித்தன. லைட்மேட்டரின் தொகுப்பில் சுமார் 10 லட்சம் ஃபோட்டானிக் உறுப்புகள் இருக்கின்றன. அவற்றை இயக்க 5,000 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன.

அந்த இரண்டாவது எண்ணில்தான் என் முதல் சந்தேகம் தொடங்குகிறது. ஒளிக்கணினி என்று சொல்லும் பொருளில் ஒளி செய்வது ஒரு பகுதி வேலை. தரவை ஒளியாக மாற்றுவது, வலையமைப்பு கற்ற எண்களான எடைகளை நினைவில் வைப்பது, அலைக் கட்டத்தைத் தள்ளும் வெப்பிகளுக்கு மின்னழுத்தம் கொடுப்பது, முடிவை மீண்டும் எண்ணாக்குவது எல்லாமே மின்சுற்றின் வேலை. கோச்சர் காலத்துக் கசிவுகள் எல்லாம் அந்த 5,000 கோடியில் அப்படியே இருக்கின்றன. 2019-இல் பட்டினா, பாசின் முதலியோர் சாதாரணச் சில்லில் ஓடும் நரம்பு வலையமைப்பின் அமைப்பையும் எடைகளையும் மின்காந்தக் கசிவிலிருந்து மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். எடையை ஒளிக்குள் கொண்டுபோகும் முன் அது மின்சுற்றில்தானே இருக்கிறது.

ஒளிப் பகுதிக்குள்ளும் நிம்மதி இல்லை. சிலிக்கான் அலைவழியில் ஓடும் 1.3, 1.55 மைக்ரோமீட்டர் ஒளி அங்கே ஓட முடிவதற்குக் காரணம், அந்த அலைநீளத்தில் சிலிக்கான் ஊடுருவும் பொருளாக இருப்பதுதான். பெர்லின் தாக்குதல்களுக்கும் இதே பண்புதான் வழி. அலைவழியின் சுவரில் உள்ள நுண்ணிய சொரசொரப்பில் ஒளி சிதறி மேலே எழும். ஃபோட்டானிக் ஆய்வகங்களில் கற்றையை நேர்ப்படுத்த அகச்சிவப்புக் கேமராவால் அந்தச் சிதறலைப் பார்ப்பது அன்றாட வேலை. பரிசோதகர் பார்க்கும் அதே படத்தைத் தாக்குபவரும் பார்க்கலாம். எந்தக் கிளையில் எவ்வளவு ஒளி போகிறது என்பதே அந்த வலையின் எடை. வெப்பிகளின் நிலை இன்னும் மோசம். டிரான்சிஸ்டர் நிலை மாறும் நேரம் நானோநொடிக்கும் குறைவு. வெப்பியால் நிலைநிறுத்தும் எடையோ கணக்கு ஓடும் காலம் முழுவதும் மில்லிவாட் கணக்கில் சூடாக அங்கேயே நிற்கிறது. சுமார் நூறு மைக்ரோமீட்டர் நீளமுள்ள வெப்பிகள், கொள்கையளவில், வெப்பக் கேமராவின் பகுதிறனுக்குள் அடங்குபவை.

தடுமாற வைப்பதற்கும் வழி உண்டு. சிலிக்கானில் மின்னூட்டத் துகள்கள் கூடினால் ஒளிவிலகல் எண் மாறும் என்பதை 1987-இல் சோரெஃபும் பென்னட்டும் கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்றைய சிலிக்கான் பண்பேற்றிகள் அதன் மேல் இயங்குகின்றன. வெளியிலிருந்து கட்புல லேசரை அலைவழியின் மேல் பாய்ச்சினாலும் அதே துகள்கள் உருவாகும், வெப்பமும் எழும். 2002-இன் ஃப்ளாஷ் விளக்குக்கு இங்கே நினைவகச் செல்கூடத் தேவையில்லை. ஒத்ததிர்வு வளையங்களைப் பயன்படுத்தும் சில்லுகளில் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒத்ததிர்வு அலைநீளம் 0.1 நானோமீட்டர் வரை நகரும். வளையத்தின் கூர்மையான ஒத்ததிர்வுக்கு அது பெரிய நகர்வு. 2018-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுதீப் பஸ்ரிச்சா குழு, சில்லுக்குள் தரவு கடத்தும் ஒளிவலையில் வளையத்தைச் சற்றே திருகி அடுத்தவர் தரவை ஒட்டுக்கேட்கும் ட்ரோஜனையும் அதற்கான காப்பையும் ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகளில் பல இன்னும் கணினி உருவகப்படுத்தலோடு நிற்கின்றன. தயாரித்த சில்லின் மேல் நடந்த தாக்குதல்கள் குறைவு.

ட்ரோஜன் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. ஃபோட்டானிக் உறுப்புகள் பெரியவை. அலைவழியின் அகலமே அரை மைக்ரோமீட்டர். போஹும் ஆய்வில் 28 நானோமீட்டரில் மங்கிய கண் இங்கே தெளிவாகப் பார்க்கும். ஆனால் அதே அளவு நகலெடுப்பவருக்கும் உதவும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒளிக்கணிப்பு தொடர் மதிப்புகளில் நடப்பது. ஏ2 மறைந்திருந்த இடைப்பட்ட வெளிதான் இதன் முழு வாழ்விடம். தயாரிப்பு வேறுபாடும் வெப்பநிலை மாற்றமும் ஒவ்வொரு நாளும் அளவீட்டை நகர்த்துவதால், இவற்றை அடிக்கடி திருத்தி அமைக்க வேண்டியிருக்கிறது. விடை பிசகுவதே இயல்பாக இருக்கும் கருவியில், யாரோ பிசக வைத்ததை எப்படிப் பிரித்தறிவது? ஐபிஎம் கைரேகை முறைக்கு நல்ல சில்லின் நிலையான அளவு ஒன்று வேண்டும். இங்கே அந்த நிலையான அளவே இன்னும் கைக்கு வரவில்லை. எனக்கு இதுதான் இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வியாகப் படுகிறது. இதைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு.

நேரியல் என்ற பழைய எதிரியும் இங்கே காத்திருக்கிறது. குறுக்கீட்டுமானி வலை செய்வது ஓர் அணிப்பெருக்கல். 64 உள்ளீடுகள் கொண்ட வலையில் ஒவ்வொரு வழியிலும் தனித்தனியே ஒளியைச் செலுத்தினால் 64 அளவீடுகளில் அணியின் நெடுவரிசைகள் வந்துவிடும். வெளியீட்டில் செறிவு மட்டும் தெரிந்தால் கட்டத்தை மீட்க இன்னும் சில அளவீடுகள் கூடும், அவ்வளவுதான். 1995-இல் ரெஃப்ரெஜியேயும் ஜாவிடியும் இரட்டைச் சமவாய்ப்புக் கட்ட முறை என்ற ஒளிக் குறியாக்கத்தை முன்வைத்தபோது, இரண்டு கட்டத் திரைகளுக்குப் பின் படம் வெறும் இரைச்சலாகத் தெரிந்தது. பத்து ஆண்டுகள் நூற்றுக்கணக்கான தாள்கள் அதன் மேல் எழுந்தன. 2005-இல் கார்னிசேர் குழுவும் 2006-இல் பெங் குழுவும் அதை உடைத்தன. அடிப்படைக் காரணம் அது நேரியல் முறை என்பதே. கண்ணுக்கு இரைச்சலாகத் தெரிவதும் கணிதத்துக்கு ரகசியமாக இருப்பதும் வேறு வேறு. இதை உணர்ந்துதான் 2017-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சிலிக்கானின் நேரியலல்லாத விளைவைச் சேர்த்து, ஒழுங்கற்ற நுண்குழிவுக்குள் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைச் செலுத்தும் ஃபோட்டானிக் கைரேகையைச் செய்தார்கள். 2014-இல் நெதர்லாந்தின் ட்வென்டே குழு வேறு வழியில் போனது: கேள்வியிலுள்ள ஒளித்துகள்களின் எண்ணிக்கையைவிடக் கேள்வியின் தகவலளவு பெரிதாக இருக்கும்படி அமைத்து, கேள்வியையே முழுதாகப் படிக்க முடியாதபடி செய்தது. இவ்விரண்டையும் நான் மதிக்கிறேன், ஏனென்றால் பாதுகாப்பு எந்த இயற்பியல் காரணத்தால் வருகிறது என்பதை அவை வெளிப்படையாகச் சொல்கின்றன.

அப்படிச் சொன்னாலும் கருவியைத் தனியே சோதிக்க வேண்டும். குவாண்டம் சாவிப் பகிர்வின் பாதுகாப்பை இயற்பியல் விதியே உறுதி செய்கிறது என்றார்கள். 2010-இல் வாதிம் மக்கரோவின் குழுவினர், விற்பனையில் இருந்த கருவிகளின் ஒளியுணரிகளுக்குள் பிரகாசமான ஒளியைச் செலுத்தி அவற்றைக் குருடாக்கி, விரும்பியபோது மட்டும் கண் திறக்கவைத்து, சாவி முழுவதையும் யாரும் அறியாமல் எடுக்க முடியும் என்று காட்டினார்கள். விதி பொய்க்கவில்லை. உணரி அந்த விதியின்படி நடக்கும் நிலையில் வைக்கப்படவில்லை.

மின்சில்லுத் துறையில் உடைப்பவர்களுக்கென்று நிலையான இடம் இருக்கிறது. 1999-இலிருந்து செஸ் (CHES) என்ற குறியாக்க வன்பொருள் மாநாடு ஆண்டுதோறும் நடக்கிறது. எல்லோரும் ஒரே ஏஇஎஸ் சுற்றின் மேல் தங்கள் தாக்குதலை அளந்து ஒப்பிட முடிகிறது. ட்ரோஜன் மாதிரிகளுக்குப் பொதுத் தொகுப்புகள் உள்ளன. ஒளிக்கணினிக்கு இவற்றில் எதுவும் இல்லை. எந்தச் சில்லின் மேல், எந்த வலையமைப்பின் எடையை, எத்தனை அளவீட்டில் எடுத்தால் உடைந்ததாகக் கொள்வது என்ற ஒப்புக்கொண்ட அளவுகோலே கிடையாது. இந்தியாவில் இதற்கான இரு பாதிகளும் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் நிரல்படுத்தக்கூடிய ஃபோட்டானிக் சுற்றுகளுக்கான மையம் சில்லுகளை வடிவமைக்கிறது. அதே வளாகத்தில் செஸ்டர் ரெபெய்ரோவும் கரக்பூர் ஐஐடியில் தேப்தீப் முகோபாத்யாயும் பக்கவழிக் கசிவிலும் பிழைத் தாக்குதலிலும் ஆண்டுக்கணக்காக உழைத்திருக்கிறார்கள். பல ஆய்வுக்குழுக்கள் செலவைப் பகிர்ந்து ஒரே தகட்டில் சில்லுகளைத் தயாரிக்கும் வழக்கம் ஃபோட்டானிக்ஸில் ஏற்கெனவே உண்டு. அடுத்த தகட்டில் ஒரு மூலையை உடைப்பவர்களுக்கென்று ஒதுக்கலாம்: வெளிப்படையான வரைபடம் கொண்ட ஒரு சிறு குறுக்கீட்டுமானி வலை, அதன் இரட்டைப் பிறவியாக, ஒரே ஒரு வெப்பி மட்டும் திருத்தப்பட்ட இன்னொரு வலை. எது எது என்று சொல்லாமல் இரண்டையும் பத்து ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும். வெயில் ஏறிய அறையிலும் குளிரூட்டிய அறையிலும் மாதக்கணக்கில் அளந்த பிறகும் அவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா என்பதே முதல் அளவுகோலாக இருக்கட்டும்.